சால்வையை விலக்கச் சொன்னவர்

போன வருடம், கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கத் தொடங்கியிருந்த நாட்கள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில்தான் அது நடந்தது. அப்போது என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்து ஒரு கிழமை.

நான் டவுனில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கணவர் கத்தாரில். பிள்ளை பிறந்ததும் மூன்று மாதம் லீவு தந்தார்கள். கெஞ்சிக் கேட்டு இன்னும் ஒரு மாதம் வாங்கினேன். அதுவும் முடியப் போகும் நேரத்தில் முன்பள்ளிப் பொறுப்பாளர் கோல் எடுத்தார். "டீச்சர், பிள்ளையையும் கொண்டு வாங்கோ, எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஆனா நீங்கள் வரத்தான் வேணும். இல்லாட்டி வேற ஆளைப் போடுவம்" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பல வருடம் அலைந்து எடுத்த வேலை. பிள்ளை பெற்றால் இவள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று கதைத்தவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. பிள்ளையை வீட்டில் விடவும் வழியில்லை. அவள் குடிப்பது என் பால் மட்டும்தான். கூட இருப்பது கணவரின் தாய் மட்டும்; மாமிக்கோ கை நடுக்கம். ஆகவே பிள்ளையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பதே என் முன்னால் இருந்த ஒரே கேள்வி.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது மாமி சொன்னது: தோளில் போட்டு ஒரு கையால் அணைத்துக்கொண்டு போவது. மற்றக் கையால் பையைப் பிடிப்பதா, பஸ் கம்பியைப் பிடிப்பதா, கண்டக்டருக்குக் காசு கொடுப்பதா? இரண்டாவது, போனில் பார்த்த ஐந்து மீற்றர் துணி. மார்பில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பிள்ளையை உள்ளே இருத்தி, இடுப்பில் முடிய வேண்டும். வீட்டுக்குள் அழகாகத்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கட்ட வேண்டி வந்தால் அந்த நீளத் துணியின் பாதி, மீன் தண்ணீரிலும் வெற்றிலைத் துப்பலிலும் புரளும். மூன்றாவது, கணவர் ஒரு கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிய பெல்ட் பை. இடுப்பில் ஒரு கொளுக்கி, கழுத்துக்குப் பின்னால் ஒரு கொளுக்கி. பிள்ளை நெஞ்சோடு இருக்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும். பக்கத்து வீட்டு ராத்தா பார்த்துவிட்டு, "என்ன, கங்காரு ஆகிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று பையையே தெரிவு செய்தேன்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. பெல்ட்டை இறுக்கினால் அபாயாவுக்கு மேலால் உடம்பின் அமைப்பு அப்படியே தெரிந்தது. ஆம்பிளைகள் நிறைந்த பஸ் ஸ்டாண்டில் அப்படிப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெல்ட்டை நன்றாகத் தளர்த்திவிட்டேன். பிள்ளை வயிற்றளவுக்குத் தாழ்ந்து தொங்கினாள். அதற்கு மேலால் அகலமான சால்வையைப் போட்டு மூடினேன். உடம்பும் தெரியாது, கச்சான் புழுதியும் படாது, கண்ணூறும் படாது. இவ்வளவு கெட்டித்தனமான வேலையைச் செய்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். பையோடு வந்த கடதாசியில் வரிசையாகப் படங்கள் இருந்தன. முதல் படத்தோடு மடித்து வைத்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் தினமும் "படத்தை வடிவாப் பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்கிற டீச்சர் நான்.

முதல் மூன்று நாளும் ஒரு குறையும் இல்லை. பிள்ளை வழி நெடுக நித்திரை. நாலாம் நாள் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பக்கத்து பஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. கைப்பிள்ளையோடு நிற்கிறவளைக் கண்டால், எழும்பி இடம் கொடுக்க முடியாதவர்கள்கூடக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. அன்றும் முன் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் கையை நீட்டினார்.

"புள்ளயத் தாங்க தங்கச்சி, மடியில வெச்சிக்கொள்றன்."

"வாணாம் ராத்தா, பெல்ட்ல இரிக்கி. கழட்டினா திரும்பக் கட்ட ஏலா" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.

அவருக்குப் பின் சீட்டில் ஒரு மனிதர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்து உப்புப் பூத்த முகம். மடியில் ஒரு பை. அதற்குள் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. அவர் என் சால்வைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறைத்தேன். சட்டென்று யன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், மறுபடி அதே பார்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையை இழுத்து இரண்டாக மடித்து இன்னும் நன்றாக மூடிக்கொண்டு, முடிந்த அளவுக்கு மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. அந்த மனிதர் இப்போது குனிந்து எட்டியே பார்த்தார். பிறகு வாய் திறந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. அந்தச் சால்வையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கோ."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "வெக்கமில்லையா உங்களுக்கு? ஊட்டுல பொம்புளயள் இல்லையா?" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். எல்லாத் தலைகளும் திரும்பின. கண்டக்டர் நெரிசலை விலக்கிக்கொண்டு வந்து அவருடைய தோளைப் பிடித்தார். "என்ன அண்ணன் இது? பாலம் முடிய இறங்கிருங்க" என்றார்.

அவர் பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அந்த அவமானத்துக்கு அதைத்தான் செய்திருப்பேன். அவர் இறங்கவில்லை. எழும்பி நின்று, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"இறக்குங்கோ, அடியுங்கோ, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. முதல்ல பிள்ளையிட மூச்சைப் பாருங்கோ! நான் பாத்துக்கொண்டு வாறன். பாலம் ஏற முதல் அந்தச் சீலை ஏறி இறங்கினது. இப்ப அசையுதில்லை!"

சால்வையை விலக்கினேன். பிள்ளை பைக்குள் சுருண்டு இறங்கியிருந்தாள். தலை முன்னால் மடங்கி, நாடி நெஞ்சில் முட்டிக் கிடந்தது. முகம் வியர்வையில் நனைந்து வெளிறியிருந்தது. உதடு நீலம். கூப்பிட்டேன், தட்டினேன், அவள் கண் திறக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். கொளுக்கி சால்வைக்குள் மாட்டிக் கிடந்தது. எந்தப் பக்கம் அழுத்துவது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. முன் சீட்டுப் பெண் காய்கறிப் பையை உதறிவிட்டு எழும்பி, என்னைத் திருப்பி, சால்வையை ஊசியோடு பிய்த்து எறிந்து, கொளுக்கியை அழுத்தினார். பிள்ளையை வெளியே எடுத்தேன்.

அந்த மனிதர் கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "நேர நிமித்துங்கோ. நாடியை மேல தூக்கிப் பிடியுங்கோ. முதுகை நல்லாத் தேயுங்கோ." தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பத்து வினாடி என்று பிறகு யாரோ சொன்னார்கள். பிள்ளையின் நெஞ்சு ஒரு முறை இழுத்தது. பிறகு வீரிட்டு அழுதாள். நானும் அந்த பஸ் நடுவில் குந்தியிருந்து அழுதேன்.

டிரைவர் ஒரு இடத்திலும் நிற்பாட்டாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார். வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட மணியை அடிக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, பின்னேரம் வரை வைத்துப் பார்ப்போம் என்றார். இந்த வயதில் கழுத்துக்குப் பலம் போதாது, தலை மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும், அப்போது பிள்ளையால் அழக்கூட முடியாது என்று விளங்கப்படுத்தினார். மூன்று நாளும் நல்ல நித்திரை என்று நான் மகிழ்ந்தது எதைப் பார்த்து என்று அப்போதுதான் விளங்கியது.

வெளியே மர வாங்கில் அந்த மனிதர் குந்தியிருந்தார். பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியாமல் போக மனம் வரவில்லையாம். "நான் பேசினதுக்கு என்னை மன்னிச்சிக்கொள்ளுங்க நானா" என்றேன்.

"நீங்கள் கோவிச்சது சரிதானே" என்றார். "எங்கட ஆக்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை, சங்கு பொறுக்கக் கடலுக்க இறங்குவினம். நான் வள்ளத்தில இருந்து குமிழி பாக்கிற ஆள். குமிழி வந்தா ஆள் இருக்கு. நிண்டிட்டா யோசிச்சுக்கொண்டிருக்க ஏலாது. அந்தப் பழக்கத்தில கண் தானாப் போகுது. ஆனா உங்களிட்டச் சொல்ல வெக்கப்பட்டு ரெண்டு தரம் பேசாமத் திரும்பிட்டன் பாருங்கோ. அதுதான் பிழை."

பிழை முழுவதும் என்னுடையது. அதில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணவர் போனில் அழுதார். வேலையை விட்டுவிடு என்றார். மாமி பையை அலுமாரிக்கு மேல் எட்டாத இடத்தில் போட்டார். "அந்த மனிசன்ட கண் பட்டுத்தான் புள்ளக்கி இப்பிடி" என்று செத்தல் மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார், சுற்றிப் போட.

"மாமி, அந்தக் கண் பட்டதாலதான் புள்ள இரிக்கா" என்றேன். மாமி மிளகாயோடு குசினிக்குத் திரும்பிப் போனார்.

அன்று இரண்டு முடிவு எடுத்தேன். வேலையை விடமாட்டேன். தெரியாத வேலையைத் தெரிந்தது போலவும் செய்யமாட்டேன். பொறுப்பாளரிடம் ஒரு கிழமை கேட்டேன். என்ன நினைத்தாரோ, தந்தார். கதிரை போட்டு ஏறிப் பையை இறக்கினேன். மடித்து வைத்த கடதாசியை விரித்தேன். நான்காவது படத்தில் நான் கட்டிய விதம் அச்சொட்டாக இருந்தது. அதற்கு மேல், பிழை என்று சிவப்பில் பெரிய புள்ளடி.

கிளினிக்குக்குப் பையோடு போய் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேட்டேன். வெட்கப்படாமல் எல்லாம் சொன்னேன். அவர் பையை எனக்குக் கட்டிக் காட்டினார். குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிட முடிகிற உயரத்தில் இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். முகம் எப்போதும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். உடம்பு தெரியுமே என்றேன். "தெரிஞ்சா என்ன டீச்சர், பிள்ளைதானே அதை மூடிக்கொண்டு இருக்கு" என்றார். இவ்வளவு லேசான விசயம் எனக்குத் தோன்றவில்லையே!

ஐந்து கிலோ அரிசியைப் பைக்குள் வைத்து நெஞ்சோடு கட்டி வீட்டுக்குள் நடந்தேன். கட்டினேன், கழற்றினேன், கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து எண்ணி முடிவதற்குள் பின்கொளுக்கியைத் தனியே கழற்ற முடியும் வரைக்கும் விடவில்லை. மாமி முதலில் தலையிலடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினார். ஐந்து மீற்றர் துணியையும் எறியவில்லை. வகுப்பறையில் நின்று கட்ட அதுதான் வசதி, அங்கே நிலம் சுத்தம். பஸ்ஸுக்குப் பை. இரண்டுக்கும் மேலால் சால்வை இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டருக்கு என்னைத் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். யாரோ ஒருத்தி கையை நீட்டினாள். நான் பின்னால் கை போட்டு, கொளுக்கியைக் கழற்றி, பிள்ளையைக் கொடுத்தேன். ஐந்து எண்ணக்கூட இல்லை.

சில மாதங்களின் பின் அந்த மனிதரை ஒரு தரம் கண்டேன். பஸ்ஸின் பின்பக்கம், அதே ரப்பர் குழாய்ப் பையோடு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் நெஞ்சைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, நிம்மதியாக யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வணக்கம் சொல்லவும் இல்லை; பிள்ளையின் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரித் திரும்பி நின்றேன்.

மகள் இப்போது நடக்கிறாள், பையும் துணியும் பக்கத்துத் தெருவில் இன்னொரு தாயிடம் போய்விட்டன, கடதாசியை முதலில் முழுக்க வாசிக்கச் சொல்லித்தான் கொடுத்தேன். பஸ்ஸில் யாராவது என் பக்கம் உற்றுப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரத்தான் செய்கிறது; ஆனால் என் கை சால்வைக்குப் போவதில்லை, முதலில் பிள்ளையின் மூக்கடிக்குத்தான் போகிறது.