அப்பாவின் முகம் பூரித்தபோது

எங்கள் அப்பாவின் முகம் உப்பத் தொடங்கிய வருடம் மஹய்யாவவில் எல்லாருக்கும் சந்தோஷம். அவர் வேலை செய்த புடவைக்கடைக்கு நடந்து போகும்போது, உடம்பு தேறிவிட்டதே என்று யாராவது நிறுத்திச் சொல்லாமல் விடமாட்டார்கள். அதற்கு முந்திய வருடம் எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதர் அல்லவா. இப்போது கன்னம் இரண்டும் வட்டமாகி, கழுத்து இருந்த இடமே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டாலே முகம் சுண்டிப்போய்விடும்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் புண். ஆறினாற்போல் இருந்துவிட்டுத் திரும்பவும் வரும் வியாதி, காலம் முழுக்க மருந்து எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். விழுங்குகிற குளிசை இரண்டு விதம். சின்னது மலிவு. பெரியது ஆஸ்பத்திரியில் இல்லாத நாட்களில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொல்வார்கள். மருந்துத் தட்டுப்பாடு வந்த அந்த வருடத்தில் எல்லா நாளும் இல்லாத நாள்தான். பாமசியில் விலையைக் கேட்ட அப்பா, துண்டை மடித்துத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் புகழ்ந்தால் அம்மாவின் முகம் சுண்டுவதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கண்ணூறு. வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து அப்பாவைச் சுற்றி அடுப்பில் போடுகிறவர், வேறு எதற்குப் பயப்படப் போகிறார்?

ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கக்கூசிலிருந்து வந்து அப்பா வாளி எடுக்கப் போன நேரம் பார்த்து நான் அதற்குள் போய்விட்டேன். உள்ளே எல்லாம் சிவப்பு. வாளியோடு வந்த அப்பா என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத புள்ள. பயந்துருவா” என்றார்.

அம்மா பயப்படக்கூடாது, சரி. நான்? அன்றிலிருந்து அவர் கதவைச் சாத்தினால் நான் வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். அவர் இருமினால்தான் எனக்கு மூச்சு வரும். உள்ளேயே செத்துப்போய்விட்டால் கதவை யார் உடைப்பது என்று யோசித்து யோசித்துக் காலைச் சாப்பாடே இறங்காது. ஊர்க்கண்தான் அப்பாவின் வயிற்றுக்குள் புகுந்து கிழிக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் கடுகண்ணாவையில் அத்தை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். அப்பாவுக்கு அப்போதெல்லாம் அகோரப் பசி. மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தவரின் கன்னத்தை அத்தை வழித்து, “எங்க அண்ணனப் பாருங்க, புது மாப்பிள்ள மாதிரி பூரிச்சுப் போயிட்டாரு” என்றார். பந்தியே திரும்பிப் பார்த்தது. இத்தனை கண்ணையும் அப்பா எப்படித் தாங்குவார்? யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் உடனே ஒரு குறையைச் சொல்லிக் கண்ணூறை மழுப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். என்னைக் கொழுகொழுவென்று சொல்கிறவர்களிடம், எங்கே, ஒன்றும் தின்பதில்லை என்பார் அம்மா. நானும் அதையேதான் செய்தேன்.

“இல்ல அத்த, அப்பாவுக்கு இன்னும் ரத்தமா போகுது.”

சோற்றுக்கு முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையா அது! பிசைந்த கை பிசைந்தபடி நின்றது ஒருவருக்கு. அத்தை கையை எடுத்துக்கொண்டார். அப்பா தலை நிமிரவில்லை. எனக்கு அடி விழும் என்று பயந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் பெரியவளானபிறகு அம்மா சொன்னதுதான்.

“பெரிய குளிசை எத்தன நாளா எடுக்கல?” என்று கேட்டாராம்.

“சின்னத போட்டாத்தான் கடையில நிக்க முடியுது.”

“அத குறைச்சு நிப்பாட்டச் சொன்னாங்க. ரொம்ப நாள் போட்டா முகம் வீங்கும், எலும்பு போயிரும்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னது ஞாபகம் இல்லியா? வாங்குறேன்னு கொண்டுபோன காசு எங்க?”

“புள்ளயோட ஸ்கூல் வேனுக்குக் குடுத்தேன்.”



அடுத்த மாதம் வேனை நிறுத்தினார்கள். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப்போனார். பந்தியில் வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்று நினைத்து நான் வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே போனேன். டாக்டர் சின்னக் குளிசையை மெல்ல மெல்லக் குறைத்தார். பெரியதைச் சில மாதம் பாதிதான் வாங்க முடிந்தது, மீதிக்கு அம்மா அலையாத இடமில்லை.

அப்பாவின் கன்னம் வற்றத் தொடங்கியது. மறுபடி கழுத்து தெரிந்தது. என்ன இப்படி வாடிப்போனார் என்று தெருவே விசாரித்தது. திரும்பவும் எலும்பும் தோலுமாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அம்மாவோ, கேட்கிறவர்களிடமெல்லாம் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. அம்மா வாசலில் நின்று கண்ணை மூடிக் கும்பிடுவார். பக்கத்தில் நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவின் முகம் பழையபடி உப்பிவிட வேண்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் கெஞ்சினேன்.