காட்டுக் கேட்டில் நின்ற தையல்காரர்

அரியலூரில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே என் ஜவுளிக்கடை. பெரம்பலூர் பஸ் டிரைவர் கடை வாசலில் நின்று, “தையக்காரரு தவறிட்டாருங்க” என்றார். எந்தத் தையல்காரர் என்று நான் கேட்கவில்லை. பெரம்பலூரில் தையல்காரர் என்றால் மருதமுத்து அவர்கள்தாம். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் பெரம்பலூரில் அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. “துணியக் கொறச்சுக் கிழிச்சுட்டு, சட்டைய மட்டும் என்கிட்ட முழுசா கேக்கச் சொல்றீங்களா?” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே என் மானத்தை வாங்குவார். காட்டுக் காவலர்களின் காக்கிச் சட்டைகளும் அவர் தைத்தவைதாம்.

அவருக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பலருக்கும் குலதெய்வம், மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கும் செல்லியம்மன். பிள்ளைக்கு முடி இறக்குவதும் பொங்கல் வைப்பதும் அங்கேதான். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கு வேலி வந்தது, கேட்டு வந்தது, ஆளுக்குச் சிறு கட்டணமும் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கொடுத்தார்கள். மருதமுத்து அவர்களும் கொடுத்தார். பிறகு சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. கட்டணம் ஏறியது!

ஜனங்கள் கூச்சல் போடவே, தாலுகா ஆபீசில் கூட்டம் கூட்டினார்கள். கும்பல் சேர்ந்தால் மான்கள் மிரள்கின்றன, கட்டணம் உயர்ந்தால் காடு பிழைக்கும் என்றார் காட்டு அதிகாரி. மருதமுத்து அவர்கள் எழுந்தார்.

“துப்பாக்கியோட கார்ல வர்ற பெரிய மனுசங்களக் கண்டு மெரளாத மானு, பானையோட வர்ற பொம்பளைங்களக் கண்டா மட்டும் மெரளுதாங்களா?”

அதிகாரி பேச்சை மாற்றினார். ஒரு வழி சொன்னார். “பிடிமண் எடுத்து வந்து கேட்டுக்கு வெளியே கோயில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமே வேண்டாம்.” தெய்வம் இருக்கும் இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் கோயில் எழுப்புவது நம் வழக்கம். நம் வழக்கத்தையே எடுத்து நம் தலையில் கட்டினார் மனிதர். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

“ஊர விட்டுப் போறவன்தாங்க புடிமண்ணு எடுப்பான். நாம எங்க போறோம்? ஆத்தா எதுக்கு வூட்டக் காலி பண்ணணும்?” என்று மருதமுத்து அவர்கள் கத்தினார். யார் கேட்டார்கள்? கேட்டுக்கு வெளியே புதுக் கோயில் எழுந்தது. அதிகாரியே வந்து மாலை போட்டார். அந்த மாலையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன்பின் ஆடி தோறும் மருதமுத்து அவர்கள் அங்கே வருவார். புதுக் கோயிலுக்கு முதுகைக் காட்டி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். சிரித்தவர்கள் உண்டு. “சிரிக்கட்டுங்க, காசில்லாம கெடைக்கிறது அது ஒண்ணுதான்” என்பார். காவலர்களிடம் கோபமில்லை. “அவங்க சம்பளத்துக்கு நிக்கிறாங்க” என்று சொல்லி, அவர்கள் சட்டைகளைத் தைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கேட்டுக்குள் மீண்டும் கால் வைக்காமலே போய்விட்டார்.

கருமாதி முடிந்து தீட்டுக் கழிந்ததும் கூடியிருந்த பங்காளிகள், ஊர்க்காரர்கள் முன் அவர் மனைவி அஞ்சலையம்மாள் வந்து நின்றார்.

“அவரு சொன்னதக் கேக்காம எல்லாரும் அதிகாரிக்குத் தலையாட்டிட்டு வந்தீங்க. இப்பவாவது ஆத்தாள அவ வூட்டுல கொண்டுபோய் வுடுங்க.”

 பூசாரி போய், புதுக் கோயிலின் அடியிலிருந்து அந்தப் பிடிமண்ணைத் தோண்டி மஞ்சள் துணியில் முடிந்தார். கணவனை இழந்தவள் முன்னே வரலாமா என்று முனகக்கூட எவருக்கும் துணிச்சல் இல்லை. அஞ்சலையம்மாள் வெள்ளைச் சேலையோடு முன்னே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

“எல்லாரும் சீட்டு வாங்கணுங்க” என்றார் கேட்டுக் காவலர்.

“ஆத்தா தன் வூட்டுக்குப் போறாப்பா. நாங்க கொண்டுபோய் வுட வந்திருக்கோம். வூட்டுக்காரிகிட்டயே சீட்டு கேப்பியா?” என்றார் அஞ்சலையம்மாள்.

காவலர் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். பிறகு குனிந்து, தாம் போட்டிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மருதமுத்து அவர்களே, அம்மன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டணத்தை இன்னும் இறக்கவில்லை. நாங்களும் இனித் தலையாட்டுவதாக இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.