டாக்டர் சட்டைப்பையைச் சோதிச்சது நான்தான்

இன்னைக்குச் சாயங்காலம் ஒரு டாக்டரோட சட்டைப்பைக்குள்ள கையை விட்டுட்டேன்.

திருட இல்லைங்க. பட்டாசு கம்பெனி கேட்ல நின்னு, உள்ள வர்ற எல்லார் பையையும் தடவி பீடி, தீப்பெட்டி இருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலை. மகளுக்குக் கால்ல ஆணி குத்திருச்சுன்னு நானும் வீட்டுக்காரியும் அவளைத் திருத்தங்கல்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். பெஞ்சில கண் அசந்துட்டேன். யாரோ கதவைத் திறந்து உள்ள வந்தாக. கை தானா அவரு சட்டைப்பைக்குள்ள போயிருச்சு, "பீடி இருக்கா?"ன்னு வேற கேட்டுட்டேன்.

"பீடியெல்லாம் இல்லைங்க"ன்னு டாக்டர் சிரிச்சுக்கிட்டே தன் அறைக்குப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் எனக்கு வாய் எங்க வரும்? எங்களை உள்ள கூப்பிட்டதும், நர்ஸம்மா தட்டுல உறையில்லாமக் கிடந்த ஊசியை எடுத்தாக. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கிட்டு நிக்கேன். மக கையை நீட்டிட்டா.

என் வீட்டுக்காரிதான் குறுக்க கையை வச்சா. "ஏக்கா, இது புது ஊசியா?"

"எங்க டாக்டர் கைராசிக்காரரும்மா. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"கைராசி இருக்கட்டும். கையைக் கழுவிட்டாரா?"

டாக்டர் எந்திரிச்சுப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாரு. புது உறையைப் பிரிச்சு அவரே ஊசி போட்டாரு.

பைக்ல வரும்போது பின்னாலருந்து ஒரு இடி. "ஊரு பூராவையும் சோதிப்பீக. பெத்த மகளுக்கு வாயத் தொறக்க மாட்டீகளோ?"

உங்க வீட்ல இதையெல்லாம் கேக்கிறது யாரு மக்களே? உண்மையைச் சொல்லுங்க.

நான் வண்டியை இன்னும் வேகமா விட்டேன். போன வாரம் இடுப்பு வலிக்கு, அதே தட்டுல இருந்து எனக்கும் உறையில்லாத ஊசி ஒண்ணு போட்டாகன்னு அவகிட்ட இன்னும் சொல்லலை.