மாமா இழைத்த அடுப்படிச் சுவர்

மாமாவிடம் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், எதைத் தொட்டாலும் பளபளவென்று ஆக்காமல் விடமாட்டார். ஓசூரில் ஒரு கம்பெனியின் பாலிஷ் பிரிவில் வேலை. வண்டிப் பாகங்களைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி செய்வார். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியைப் பார்த்து நான் பொட்டு வைத்துக்கொள்வேன்.

அவர் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் கெலமங்கலத்தில் அவருக்கு ஒரு பெண் அமைந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பிடித்திருந்தால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் கை நனைக்காமல் போய்விடுவார்கள். அம்மாவுக்கு உடனே அடுப்படிச் சுவர் கண்ணை உறுத்தியது. பச்சை ஆயில் பெயிண்ட், அதன் மேல் ஆறு வருடத் தாளிப்பு. "பொண்ணோட அம்மா மொதல்ல அடுப்படிக்குத்தான் வரும். அதுக்குள்ள டைல்ஸ் ஒட்டியே ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "பெயிண்ட் மேல டைல்ஸ் நிக்காதுங்க. அத சொரண்டி எடுத்து வையுங்க, ஞாயித்துக்கெழம வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க மாமா வீட்டில்தான் இருந்தார். கம்பெனியில் லீவு என்றாள் அம்மா. முதல் இரண்டு நாளில் பெயிண்டைச் சுரண்டி முடித்தார். அதோடு விட்டிருக்கலாம். சுவர் சொரசொரவென்று நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. பள்ளங்களில் பட்டி பூசிக் காயவிட்டு உப்புத்தாளை எடுத்தார். முரட்டுத் தாள், அப்புறம் நடுத்தரம், கடைசியில் நைஸ் தாள். நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். சனிக்கிழமை சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு காலை மேஸ்திரி சுவரைத் தடவினார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ஏம்ப்பா, எறும்பு ஏறுனாலே வழுக்கி உழுந்துடும் போலருக்கே. டைல்ஸ் எதப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?"

பட்டியை எடுத்துவிட்டு, சிமெண்ட் பிடிக்கும்படி சுவர் முழுக்க உளியால் கொத்த வேண்டுமாம். தானே கொத்தினால் இரண்டு நாள் ஆகும், செவ்வாய்க்கிழமையிலிருந்து வேறு இடத்தில் வேலை ஒப்புக்கொண்டாயிற்று, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பையைத் தூக்கினார். பெண் வீட்டார் வருவதோ புதன்கிழமை.

மாமா அவர் பையிலிருந்த சுத்தியலையும் உளியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "மத்தியானம் வந்து பாருங்க. முடிஞ்சிருந்தா ஒட்டுங்க" என்றார். ஐந்து நாள் உழைப்பை அவரே கொத்த ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா எங்கிருந்தோ இன்னொரு சுத்தியலும் உளியும் கொண்டுவந்து கீழ்ப்பாதியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக்கூட இருவரும் எழவில்லை. கட்டைவிரலை நசுக்கிக்கொண்ட அம்மா, அதை வாயருகே வைத்து ஊதிவிட்டு மறுபடி கொத்தினாள். மேஸ்திரி வந்தபோது சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருந்தது. "இப்பத்தான்யா இது செவுரு" என்று தண்ணீர் தெளிக்கச் சொன்னார். மறுநாள் மாலைக்குள் டைல்ஸ் ஏறிவிட்டது.

புதன்கிழமை பெண்ணின் அம்மா, எங்கள் அம்மா சொன்னபடியே, நேராக அடுப்படிக்குத்தான் வந்தார். டைல்ஸைத் தடவி, "சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. கூடத்தில் அப்பா இலை போட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் பெருமைதான் வாயை மூடவிடவில்லை.

"எங்க மாமாதான் செவுத்த சரி பண்ணாரு. கம்பெனிக்கே போகாம பத்து நாளா வீட்லயே இருக்காரு, தெரியுமா?"

தண்ணீர்ச் செம்போடு அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பெண்ணின் அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனியவில்லை.

"பாப்பா சொல்றது நெசந்தாங்க. கம்பெனில ஆள் கொறச்சாங்க, அதுல நானும் ஒருத்தன். வேற எடத்துல கேட்டிருக்கேன். நானே மொதல்ல சொல்லியிருக்கணும்."

இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி, கை நனைக்காமலே அவர்கள் எழுந்தார்கள். நான் கார் வரை ஓடி டாட்டா காட்டினேன். திரும்பி வந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கென்று காய்ச்சிய பாயசத்தில் இரண்டு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கெட்டிக்காரியாகப் பேசியதற்குத்தான் அந்த இரண்டாவது தம்ளர் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.