முதுகால் இழுக்கும் வில்

அப்பாவின் தோள்கள் எனக்கு அப்படியே வாய்த்திருந்தன. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் யார் வீடு மாறினாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அலுமாரி, சோபா, உடுப்புக் கழுவும் மெஷின் எதுவென்றாலும் மனிசன் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார். அந்தத் தோள் ஆம்பிளைக்கு அழகு. பன்னிரண்டு வயதுப் பெட்டைக்கு? நான் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்குத் தைத்த சட்டை முதுகில் பூட்ட முடியாமல், ஊசி குத்தி, மேலே சேலைத் தலைப்பைப் போட்டு மறைத்துத்தான் சபையில் இருத்தினார்கள். "பிள்ளை கொஞ்சம் வாட்டசாட்டம்" என்று தைத்த அக்கா நாகரிகமாகச் சொன்னார். மாமிமார் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை.

எனக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பா வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என் தோளைத் தொட்டுத் தொட்டு "அப்பிடியே தகப்பன்" என்று அழுதார்கள். அழ வேண்டிய நான் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீடு குளிராகக் கிடந்ததால், கொழுவியிலிருந்த அப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு குசினியில் தேத்தண்ணி வைத்தேன். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை முடிந்து அம்மா வந்த சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அம்மாவின் குரல், அப்பாவோடு மட்டும் பேசும், மாதக்கணக்கில் நான் கேட்டிராத இளக்கத்தோடு வந்தது.

"இஞ்சருங்கோ, எப்ப வந்தனீங்கள்?"

நான் திரும்பினேன். அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் எழுத மனம் வரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு என்னைச் சரியாக நிமிர்ந்து பார்ப்பதேயில்லை. சாப்பாடு போடும்போதுகூடச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் "இன்னும் போடவோ?" என்பார்.

எனக்கு விளங்கிவிட்டது. என் உடம்பு அம்மாவை வதைக்கிறது. நான் கூனத் தொடங்கினேன். தோள்களை முன்னுக்கு மடித்து, நெஞ்சைக் குழிவாக்கி, வீட்டுக்குள் எவ்வளவு சின்னதாக நடமாட முடியுமோ அவ்வளவு சின்னதாக நடமாடினேன். பிறகு அதுவே என் நடையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை முதுகில் ஏதும் வருத்தமா என்று கேட்கும் அளவுக்கு.

கோடை வந்தது. கோயிலில் தேர்த்திருவிழா. ஐரோப்பா முழுவதிலிருந்தும் எங்கள் சனம் ஹம்முக்கு வந்து குவியும் நாட்கள். அப்பாவின் ஆண்டுத்திவசம் முடியாததால் எங்களுக்குக் கோயிலுமில்லை, கொண்டாட்டமுமில்லை. அப்போதுதான் என் வகுப்புச் சிநேகிதி, ரயிலில் சில தரிப்புகள் தள்ளியிருந்த ஒரு சிற்றூரில், பழைய கோட்டையின் புல்வெளியில், எல்லோரும் பழங்கால உடுப்புப் போட்டு நடத்தும் மத்தியகாலச் சந்தைக்குக் கூப்பிட்டாள். அம்மாவிடம் "சந்தைக்குப் போறன்" என்றேன். பொய்யில்லையே. "வெங்காயம் மலிவெண்டால் வாங்கிக்கொண்டு வா" என்றார்.

கோட்டை வாசலைத் தாண்டியதும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான் பிறந்து வளர்ந்த நாடு இது. சிவப்பு விளக்கு எரியும்போது வெறும் தெருவைக்கூடக் கடக்காத சனம். அந்தச் சனம் தோல் செருப்பும் கம்பளி அங்கியுமாகப் புழுதியில் நடந்துகொண்டிருந்தது. விறகுப் புகை, ஆட்டுப் புழுக்கை, சுட்ட பாண் எல்லாம் கலந்த மணம். தோற்பை வாத்தியம் நாதஸ்வரத்தைப் போல வயிற்றுக்குள் புகுந்து அதிர்ந்தது. கோடாலியோடு வந்த ஒரு மொட்டைத் தலையர் என்னை மறித்து, "எந்த நாட்டிலிருந்து வருகிறாய், பயணியே?" என்றார். பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்தம் தலைக்கேறும். ஆனால் அவர் அதே கேள்வியைப் பின்னால் வந்த எல்லோரிடமும் கேட்டார். தான் நோர்வேயிலிருந்து கடல் கடந்து வந்ததாகச் சொன்னார். பக்கத்து ஊர்ப் பல் வைத்தியர் அவர் என்று சிநேகிதி காதுக்குள் சொன்னாள்.

அவள் கொண்டுவந்த பச்சை அங்கியை ஒரு கூடாரத்துக்குள் போய் மாட்டினேன். முதுகில் கயிறு கோத்து, ஆளுக்கேற்றபடி இறுக்கியோ தளர்த்தியோ கட்டுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உடுப்பு என்னோடு சண்டை பிடிக்கவில்லை. வெளியே வந்தால், என்னைப்போலவே அகன்ற பெண்கள் தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி தொங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் வெறித்துப் பார்க்கவில்லை.

சிநேகிதி பாண் வாங்க வரிசையில் நின்றபோது, நான் அம்பு விட்டுப் பழகும் வில்லுக் கடைப்பக்கம் போனேன். கடை ஒரு அம்மாவுடையது. வில் எடுத்துக் கொடுத்தது அவருடைய மகன். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, மூக்கு முழுக்கப் புள்ளிகள். எனக்கு ஒரு வில்லைத் தந்தான். சுலபமாக இழுத்தேன். அடுத்ததையும் இழுத்தேன். அவன் புருவத்தை உயர்த்திவிட்டு, மேலே கொழுவியிருந்த பெரிய வில்லை இறக்கினான். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்தேன், நாண் பாதிக்கு மேல் வர மறுத்தது.

"கையால் இழுக்காதே. முதுகால் இழு" என்றான்.

"முதுகாலா?"

"நீ முதுகை மடித்து வைத்திருக்கிறாய். அதைத் திற." ஓர் அம்பை எடுத்து, அதன் இறகுப் பக்கத்தால் தோள்களின் நடுவே தொட்டுக் காட்டலாமா என்று கேட்டான். தலையாட்டினேன். இறகு பட்டதும் படாததுமாக இருந்தது. எனக்கு உச்சந்தலைவரை சிலிர்த்தது.

நான் முதுகைத் திறந்தேன். எட்டு மாதமாக மடித்து வைத்திருந்த எலும்புகள் ஒவ்வொன்றாக விரிவது எனக்கே தெரிந்தது. நாண் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. எனக்குள் இவ்வளவு இடம் இருந்ததா! பயமாகக்கூட இருந்தது. விட்டேன். எதிரே இலக்காக நின்ற வைக்கோல் பலகையில் தொம்மென்று ஒரு சத்தம்.

"எங்கே பட்டது?" என்றான் அவன்.

"ஏன், உனக்குத் தெரியவில்லையா?"

மத்தியகாலத்தில் யாரும் கண்ணாடி போட்டிருக்கமாட்டார்கள் என்று அவனுடைய அம்மா கண்ணாடியைப் பிடுங்கி வைத்திருக்கிறாராம். அம்பு விடப் பழக்குகிறவனுக்குப் பலகையே மங்கல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா போனபிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"கிட்ட இருப்பது நன்றாகத் தெரியும்" என்றான். அவனுடைய காது சிவந்துவிட்டது. "உன் முதுகு ஓர் அதிசயம்."

கேலிப் பகிடி பின்னால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இது அப்பாவின் முதுகு, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அனுதாபம் சொல்லப்போகிறான் என்று பார்த்தால், "உன்னிடம் பத்திரமாக இருக்கிறது" என்றான். ஒரு பெட்டைக்குக் காதல் வருவதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு வந்துவிட்டது, அங்கேயே, ஆட்டுப் புழுக்கை மணத்துக்கு நடுவே.

அடுத்த நாள் ஞாயிறு, தேர் நாள். மறுபடியும் "சந்தைக்கு" என்றேன். அம்மா ஏதும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பெரிய வில்லோடு நின்றேன். அவன் பக்கத்தில் நின்றான், நேற்றையதைவிடக் கொஞ்சம் கிட்ட. நாணைக் கன்னம்வரை இழுத்து அம்பை விட்டுவிட்டுத் திரும்பினால், கயிற்று வேலிக்கு அப்பால் அம்மா நிற்கிறார். வீட்டில் உடுக்கும் சட்டைக்கு மேலே ஜாக்கெட், கையில் ரயில் டிக்கெட். அப்பா போனபிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று கைபேசியில் பார்த்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

எத்தனை நேரமாக என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ. என் தோள்கள் தானாக மடிந்துகொண்டன.

"அம்மா, நான் வந்து..."

"எல்லாரும் தேருக்குப் போகினம், பிள்ளை. பஸ் முழுக்க எங்கடை சனம். எனக்கு வீட்டிலை இருக்க ஏலாமல் போச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். மேலிருந்து கீழே முழுதாகப் பார்த்தார். "ஏன் இப்ப குனியிறாய்?"

"உங்களுக்கு என்னைப் பாக்க ஏலாது எண்டு..."

அம்மா வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நான் உன்ரை அப்பாவை முதல் முதல் கண்ட கதையை ஆரும் உனக்குச் சொன்னவையோ? அப்ப எல்லாரும் அகதிகளை வைச்சிருக்கிற விடுதியிலை, ஹைமிலை. ஒருத்தர் இரும்புக் கட்டிலைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலை படியேறிப் போறார். முகம் தெரியேல்லை. முதுகு மட்டும்தான். மூண்டாம் மாடி வரைக்கும் அந்த முதுகைப் பாத்துக்கொண்டே ஏறினனான். என்ரை அறை முதலாம் மாடியிலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது, கண்ணீரோடு சேர்ந்து. அப்பாவை முதுகு பார்த்துக் கலியாணம் கட்டிய பெண் என் தாய். எனக்கு முன்னால் நின்ற அந்தக் களைத்த மனிசியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது.

அவன் ஒன்றும் விளங்காமல் கண்ணைச் சுருக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். "இவர் ஆர்?" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே, "சரி, அதைப் பிறகு பாப்பம்" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்காலை திரும்பி நிண்டு இன்னொருக்கா இழு, பிள்ளை. நான் பாக்கிறன்" என்றார்.

நான் திரும்பி நின்றேன். முதுகைத் திறந்து நாணைக் கன்னம்வரை இழுத்தேன். அம்மா போதும் என்று சொன்னபிறகு அம்பை விடுவோம் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அம்மா சொல்லவேயில்லை.