பலகைமேல் ஏறிய சயன்ஸ் வாத்தியார்

1940-களில் சாந்தோம் பள்ளியில் எங்களுக்கு சயன்ஸ் எடுத்தவர் நல்ல பருமன். எந்த நாற்காலியையும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஈர்க்குச்சியில் பாலம் செய்யச் சொன்னார். நாங்கள் செய்ததெல்லாம் ஒரு செங்கல்லுக்கே முறிந்து விழுந்தது.

"குச்சிக்கு எங்க வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியலைடா! பாரம் எப்படி இறங்குதுன்னு உடம்புல தெரியணும். ரெண்டு பேர் வாங்க."

என்னையும் மந்தைவெளிப் பையன் ஒருவனையும் கையையும் முட்டியையும் தரையில் ஊன்றிக் குனிய வைத்தார். நாங்கள்தான் தூண்கள். எங்கள் முதுகுகளின் மேல் ஒரு நீளப் பலகை. அதையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார்.

"பாரம் எங்கடா இறங்குது?"

"முதுகுல சார்," என்றேன் நான்.

"முட்டியில சார்," என்று முனகினான் அவன்.

"பலே! அப்படியே தரைக்குப் போகுது பார்! தூண் அசையாத வரைக்கும் பாலத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அப்போது தலைமை ஆசிரியரான பாதிரியார் உள்ளே வந்தார். அவரைக் கண்டு எழுந்து நிற்காத பையனுக்குப் பிரம்படி நிச்சயம். வகுப்பே எழுந்து, "குட்மார்னிங் ஃபாதர்!" என்றது. தூண்களும் எழுந்துவிட்டோம்.

வாத்தியார் தரையில் கிடந்தபடியே அவருக்குக் கும்பிடு போட்டார். "பாலத்துல குத்தம் இல்லை ஃபாதர். தூணுங்களுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி."

இன்றும் அடையாறு பாலத்தில் போகும்போதெல்லாம், எதிரே யாராவது பாதிரியார் வருகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.