கரிசலில் ஒரு பரிசல்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் அந்தக் கவிஞரைப் பார்ப்பேன். எந்த வெயிலிலும் கழற்றாத பட்டுத் துண்டு, சாயம் போட்ட மீசை. பக்கத்தில் உட்கார்ந்தவர் தொடையைத் தட்டித்தான் சீர் எண்ணுவார். யாப்பில் எதுகை, மோனைக்குத் தொடை என்று பெயர். இவருக்கு அது அடுத்தவன் தொடை.

அவரிடம் எங்கள் மாமாவின் கதையை நான்தான் சொல்லித் தொலைத்தேன். மழை பொய்த்த வருஷம் ஆடுகளெல்லாம் தாகத்தில் செத்துவிழ, புதூரிலிருந்து நடந்தே இங்கே பிழைக்க வந்தவர் மாமா. கவிஞர் அதை விருத்தத்தில் காவியமாக்கினார். காவியத்தில் மாமா பரிசலில் வந்தார்.

“என்ன அண்ணாச்சி, புதூர்ல ஏது பரிசல்?” என்றேன்.

“முதல் அடி கரிசல்னு ஆரம்பிக்குது. ரெண்டாவது அடிக்கு எதுகை வேண்டாமா? பரிசல்தான் கச்சிதமா உக்காருது. ஓசைக்காகக் கதை கொஞ்சம் நனைஞ்சா என்னவே? மூணாவது அடிதான் முட்டுது. நீரு ஒண்ணு சொல்லும்.”

“எரிச்சல்” என்றேன்.

என் தொடையில் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பிரமாதம்வே! அப்படியே பொருந்துது.”

நான் சொன்னது புரியவில்லையா, புரிந்தும் எதுகை கிடைத்தால் போதுமென்று விட்டுவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. புத்தகம் வந்துவிட்டது. மூன்றாவது அடியில் என் எரிச்சல் இருக்கிறது. இரண்டாவது அடியில் பரிசல் அப்படியே மிதக்கிறது.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

“ஏலே, அம்புட்டுத் தண்ணி கெடந்தா என் ஆடு ஏம்லே செத்துது?”